சிவ் 7 ஆட லேப்டாப்பைத் தேற்ற வழி உண்டா?

பிப்ரவரி 11, 2025 அன்று சிவிலைசேஷன் 7 (சுருக்கமாக சிவ் 7) என்ற கம்ப்யூட்டர் வியூக விளையாட்டு வந்தது. 2016இல் வந்த சிவ் 6க்கு அப்புறம் இதுதான் அடுத்த பாகம். இந்த முறை சோழர்களும் உண்டு, கலம் என்றே தனிக் கப்பலோடு! எப்படியும் ஆடியே ஆக வேண்டும்.

பிரச்சினை என் லேப்டாப். 2018இல் வாங்கியது, ஐ5 எட்டாம் தலைமுறை, ஜிடிஎக்ஸ் 1050 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம். சிவ் 6இல் பெரிய மேப் போட்டு ஆட்டம் பாதி தாண்டியதும் ஃபேன் அலறுகிறது, கீபோர்டின் இடது பக்கம் விரல் வைக்க முடியாது, அப்புறம் பட்டென்று அணைந்துவிடுகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வருவதில்லை. மதுரையில் இன்னும் வெயிலே தொடங்கவில்லை.

தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றியாயிற்று. கூலிங் பேட், புது டிரைவர், குறைந்த கிராஃபிக்ஸ் எதுவும் உதவவில்லை. ப்ராசஸரின் வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ பூஸ்டை நிறுத்தினால் அணைவதில்லை. ஆனால் ஆட்டத்தில் ஒரு டர்ன் (சுற்று) முடிந்து அடுத்தது நகரவே மாட்டேன் என்கிறது. புது ஆட்டத்துக்கும் குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1050தான் கேட்கிறார்கள், அதனால் இதைக் கைவிட மனமில்லை.

சார்ஜர் அடாப்டரா, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கா, எதை முதலில் மாற்றிப் பார்க்கட்டும்?