உடைந்த பிறகு வந்த சத்தம்

ராக்கெட் பார்த்த கதை என்றால் எல்லோரும் மேலே போனதைத்தான் சொல்வார்கள். நான் பார்த்தது போகாத ராக்கெட்.

பெரியப்பா வீடு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குப் பக்கத்து ஊரான, ஆந்திராவின் சூளூர்ப்பேட்டையில். அரையாண்டு விடுமுறைக்கு அங்கே போயிருந்தோம். 2010 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி. எஃப்-06 ராக்கெட் அதற்கு ஐந்து நாள் முன்பே கிளம்பியிருக்க வேண்டியது. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் அதன் மேல் பகுதியில், அதாவது கிரையோஜெனிக் பகுதியில், ஏதோ கசிவு என்று தள்ளிவைத்திருந்தார்கள். எங்கள் அதிர்ஷ்டம் என்று அம்மாகூட சொன்னாள்.

மாலை நான்கு மணிக்கு முன்னாலேயே தெருவில் உள்ள எல்லா மொட்டைமாடியிலும் ஆட்கள். காய்ந்துகொண்டிருந்த துணியையெல்லாம் பெரியம்மா அவசரமாக எடுத்தாள், மறைக்கிறதாம். பெரியப்பா கிழக்கே கையை நீட்டி, "ஏரிக்கு அந்தப் பக்கம், அந்த ரெண்டு தென்னைக்கு நடுவுல பாரு" என்றார். அவர் எத்தனையோ ஏவுதல் பார்த்தவர். வெளிச்சம்தான் முதலில் வரும், சத்தம் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும், பயப்படக்கூடாது என்று குழந்தைகளுக்குப் பாடமே எடுத்தார். ஏவுதளம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் ஓடும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

4.04-க்குத் தென்னைகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு நெருப்பு எழுந்தது. 418 டன் எடை, 51 மீட்டர் உயரம் என்று கீழே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்ததோ விரல் நீளம்கூட இல்லாத ஒரு தீக்கோடு. சத்தமே இல்லாமல் ஏறியது. மேகமில்லாத வானம், வெள்ளைப் புகை வால் மாதிரி நீண்டுகொண்டே போனது. நான் உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐம்பதைத் தாண்டியிருப்பேன். கோடு சற்றே சாய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக ஒரு பூ விரிந்தது. அதிலிருந்து நாலாபக்கமும் புகை இழுத்துக்கொண்டு துண்டுகள் கடல் பக்கமாக இறங்கின. பெரியப்பாவின் சின்ன மகன் குதித்துக் குதித்துக் கைதட்டினான். பெரியவர்கள் ஒருவரும் தட்டவில்லை. பக்கத்து மாடியில் ஒருவர் தெலுங்கில், "போயிந்தி" என்றார்.

அந்த நேரத்தில்தான் ராக்கெட் கிளம்பிய சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தது. முதலில் நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு, பிறகு ஜன்னல் கண்ணாடி கடகடத்தது, பிறகு முழு உறுமல். வானத்தில் ராக்கெட்டே இல்லை. அது ஏறிய சத்தம் மட்டும், விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஒன்றும் நடக்காதது போல ஏறிக்கொண்டே இருந்தது. பயப்படாதே என்று சொன்னவர் இதற்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

காரணமெல்லாம் பின்னால் படித்ததுதான். ஏறி 47 விநாடி வாக்கில் கிரையோஜெனிக் பகுதியின் அடியில் இருந்த இணைப்பான்கள் கழன்றுவிட்டன. ராக்கெட்டின் பக்கவாட்டில் இருந்த பூஸ்டர் எஞ்சின்களைத் திருப்பும் கட்டளை அதற்குப் பிறகு போய்ச் சேரவில்லை. கட்டுப்பாடு இழந்ததும், தரையில் ஆபத்து வராமலிருக்க, அதை அழிக்கும் கட்டளையைப் பாதுகாப்பு அதிகாரிகளே அனுப்பினார்கள். அதோடு போனது 2,310 கிலோ எடையுள்ள ஜிசாட்-5பி என்ற தகவல்தொடர்பு செயற்கைக்கோள். அந்த வருஷம் ஏப்ரலில் போன ஜி.எஸ்.எல்.வி.யும் தோல்விதான், அதனால் ஊரே சோர்ந்துபோனது. இரவு பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கும் விண்வெளித் துறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, உரக்கடை வைத்திருந்தார்.

2014 ஜனவரி 5-இல் நம்முடைய சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. டி-5 போனபோதும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். எல்லோரும் மாடிக்கு ஓடினோம். பெரியப்பா வரவில்லை. டிவி முன்னால் நாற்காலியைப் போட்டு, செயற்கைக்கோள் பிரியும்வரை பதினேழு நிமிஷமும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பிரிந்துவிட்டது என்று அறிவித்த பிறகுதான் மாடிக்கு ஏறி வந்து, "இப்ப தட்டுங்கடா" என்றார்.