கேசட் ஏத்த சவுண்ட் கார்டு: உள்ளே மாட்டுறதா, வெளியே வைக்கிறதா?

குழித்துறை_கரை:
பி450 மதர்போர்டு, ஒலிக்கு அதிலேயே உள்ள ஏஎல்சி887 சிப். வில்லுப்பாட்டு கேசட் நாப்பது இருக்கு, 60 நிமிஷ சி-60, 90 நிமிஷ சி-90 ரெண்டும். எல்லாத்தையும் கணினியில் ஏத்தணும். பிறகு 80 ஓம் ஹெட்ஃபோனில் பாட்டும் கேக்கணும். டெக்கை (கேசட் பிளேயரை) சொருகின உடனே பதிவில் 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். கேபினட்டுக்குள்ள மாட்டுற பிசிஐஇ கார்டு வாங்கவா, வெளியே வைக்கிற யூஎஸ்பி பெட்டி வாங்கவா?

நாஞ்சில்_ஸ்லாட்:
பிசிஐஇ கார்டுதான். மேசையில் வயர் குறையும், ஹெட்ஃபோன் ஆம்ப்போட வர்ற கார்டாவும் பாக்கலாம். வாங்கும் முன்னாடி கேபினட்டைத் திறந்து பாருங்க. ரெண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு, பக்கத்தில் உள்ள எக்ஸ்1 ஸ்லாட்டை (சவுண்ட் கார்டு ஏறுற சின்ன ஸ்லாட்) மறைச்சிருக்கும். பழைய பிசிஐ கார்டு மலிவா கிடைக்குதேன்னு வாங்கிராதீங்க, இந்த போர்டில் ஏறாது.

பாறசாலை_பிட்:
நான் ஒத்துக்கிட மாட்டேன். கார்டை கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்துல கொண்டுபோய் சொருகிட்டு, சத்தம் சுத்தமா வரணும்னா எப்படி? யூஎஸ்பி பெட்டி (இன்டர்ஃபேஸ்) வாங்குங்க, நாளைக்கு லேப்டாப்பிலும் போடலாம். ஆனா எண்ணிப் பாத்து வாங்கணும்: ஸ்கார்லெட் ஸோலோங்கிற பெட்டியில் லைன் இன்புட் ஒண்ணுதான், ஸ்டீரியோ டெக்குக்குப் பத்தாது. அதிலேயே 2ஐ2 மாடல் எடுத்தா ரெண்டு இருக்கு. ஆர்சிஏ-யிலிருந்து 6.35 மிமீ மோனோ கேபிள் ரெண்டு வேணும், இன்ஸ்ட்ருமென்ட் பட்டன் அணைஞ்சிருக்கணும்.
'7.1'னு அச்சடிச்ச குச்சி டாங்கிள் பக்கம் போகவே வேண்டாம். பெரும்பாலும் உள்ளே சிஎம்108 வகை சிப்தான்: வெளியே ரெண்டே சேனல், உள்ளே மோனோ மைக். மைக் குழியில் டெக்கின் லைன் வெளியீட்டைக் கொடுத்தா இடது-வலது ஒண்ணாகும், சத்தமும் உடைஞ்சு போகும்.

ஓம்விதி:
ரெண்டு பேரும் பணத்தைச் செலவழிக்க வைக்கப் பாக்கிறீங்க. ஏஎல்சி887-க்கு டேட்டாஷீட்டில் உள்வாங்குற பக்கம், தன் இரைச்சலுக்கு மேல 90 டெசிபெல். நாடாவின் சொந்த இரைச்சலுக்கு மேல சாதாரண கேசட் தர்றது 50-60. சிப் இங்கே தடையே இல்லை. முதல்ல இரைச்சல் எங்கேருந்து வருதுன்னு பாருங்க:
ஒண்ணு, நீல நிற லைன்-இன்னில் ஒண்ணும் சொருகாம 30 விநாடி பதிவு. ரெண்டு, டெக்கை இணைச்சு, அதன் கரண்ட் பிளக் சுவரில் இருக்க, நாடா ஓட்டாம பதிவு. மூணு, நாடா ஓடும்போது பதிவு. முதல்லயே இரைஞ்சா குறை கணினிக்குள்ளே. ரெண்டாவதில் தொடங்கினா அது எர்த் சமாச்சாரம், எந்தக் கார்டும் தீர்க்காது. மூணாவதில் மட்டும்னா டெக்கில் தேடுங்க.

நாஞ்சில்_ஸ்லாட்:
டேட்டாஷீட்டில் 90 இருக்கும். போர்டில் அது கிடைக்குமா? மௌஸ் நகரும்போது 'கிர்ர்'னு கேக்குற போர்டு எத்தனை இருக்கு.

ஓம்விதி:
அது சரிதான். மௌஸோடவோ ஜன்னலை உருட்டும்போதோ மாறுற இரைச்சல் போர்டுக்குள்ளேருந்து வர்றது. அதுக்கு வெளிப்பெட்டிதான், அங்கே பிட் சொல்றது நியாயம். முன் பக்கக் குழிகளை விட்டுட்டு பின்னால சொருகிப் பாக்கிறதும் செலவில்லாத வேலை. ஆனா இவர் சொல்றது மாறாத 'ம்ம்ம்'. மின்சாரத்தின் 50, 100 ஹெர்ட்ஸ்.

குழித்துறை_கரை:
முதல் பதிவு சுத்தம். ரெண்டாவதிலேயே இரைச்சல் இருக்கு. கேபினட்டை வெறுங்காலோட தொட்டா சுருக்குன்னு ஏறுது. சாக்கெட்டில் லைன்-நியூட்ரல் 231 வோல்ட், லைன்-எர்த் 40-க்கும் 90-க்கும் இடையில ஆடுது.

ஓம்விதி:
அதுதான். எர்த் கம்பி எங்கேயோ விட்டுப்போச்சு. எஸ்எம்பிஎஸ்-க்குள்ள (கணினியின் பவர் சப்ளை) லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு ஒவ்வொரு சின்ன கெப்பாசிட்டர் உண்டு. எர்த் இல்லாட்டி கேபினட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். ஆம்பியர் கொஞ்சம்தான், அதான் சுருக்குன்னு மட்டும் படுது. அந்தக் கசிவு உங்க ஆர்சிஏ கேபிளின் வெளிக்கம்பி வழியா டெக்குக்குப் போகுது. இரைச்சல் அதுதான்.
வயர்மேனைக் கூப்பிடுங்க. எர்த் குழிவரை தொடர்ச்சி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. நம்ம வெட்டுக்கல் மண் மேட்டில் கோடையில் குழி காஞ்சு கிடக்கும், தண்ணி ஊத்தணும். சரியானா லைன்-எர்த்தும் 230 பக்கம் நிக்கும், நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள வரும். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் பாலம் போட்டுத் தர்றேன்னு சொன்னா விடாதீங்க. வெளியே நியூட்ரல் அறுந்தா கேபினட்டில் முழு 230 நிக்கும்.

பாறசாலை_பிட்:
இதுக்குப் பிறகும் யூஎஸ்பி பெட்டி நல்லதுதானே?

ஓம்விதி:
இந்த இரைச்சலுக்கு இல்லை. கணினியிலிருந்து கரண்ட் எடுக்கிற பெட்டிக்கும் அதே கேபினட்தான் கிரவுண்ட். டெக்கின் வெளியீடு பேலன்ஸ்டும் (இரைச்சலைத் தானே கழிச்சுவிடுற ரெட்டைக் கம்பி முறை) இல்லை. எர்த் போட்ட பிறகும் லேசா மிச்சம் இருந்தா, டிரான்ஸ்ஃபார்மர் வச்ச கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒண்ணை நடுவுல போடலாம். மட்டமானதில் அடிச்சத்தம் (பேஸ்) மெலிஞ்சுபோகும், வில்லுப்பாட்டில் உடுக்கும் குடமும் பாழாகும்.

நாஞ்சில்_ஸ்லாட்:
ஹெட்ஃபோனுக்காவது கார்டு வேண்டாமா? 80 ஓம்.

ஓம்விதி:
ஹெட்ஃபோன் சொருகுற பச்சைக் குழி 1 வோல்ட் கொடுத்தா 80 ஓமில் 12.5 மில்லிவாட். மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல்னு எழுதின ஹெட்ஃபோன் 107 வரை போகும், காது வலிக்கும். தொந்தரவு எல்லாம் 32 ஓமும் அதுக்குக் கீழேயும்: சில போர்டில் குழிக்கு முன்னால 75 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், பாதிக்கு மேல வோல்ட்டை அது தின்னுரும்.

பாறசாலை_பிட்:
சரி, போர்டிலேயே பதியட்டும். ஆனா விண்டோஸில் ஒலி மெருகூட்டல் எல்லாத்தையும் அணைக்கணும். விண்டோஸிலும், பதியுற மென்பொருளான ஆடாசிட்டியிலும் 44,100 ஹெர்ட்ஸ் ஒண்ணுபோல இருக்கணும், உச்சம் மைனஸ் 6 டெசிபெல் தாண்டக் கூடாது. 16 பிட் ஸ்டீரியோ நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி, சி-90 ஒண்ணுக்கு ஒரு ஜிபி ஒதுக்குங்க. டெக் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைக்காம ஒரு நாடாவும் போடாதீங்க. துலாம் (ஐப்பசி) மாசம் மத்தியானம் இடி முழங்கினா கரண்டோட நெட் கேபிளையும் பிடுங்கிருங்க.

நாஞ்சில்_ஸ்லாட்:
5.1 ஸ்பீக்கர் வைக்கிற அன்னைக்கு என் கார்டைத் தேடி வருவீங்க. மூணு குழி போர்டில் லைன்-இன் குழியே பின் ஸ்பீக்கருக்குப் போயிரும்.

ஓம்விதி:
அன்னைக்கு வாங்கட்டும்.