கடலோர ஸ்டீல் லாக்கர்: பெயிண்ட் அடிச்ச ஒரே வருஷத்துல மறுபடி துரு

குளச்சல்_கரை:
எங்க கிளப்புல பசங்க உடுப்பு மாத்துற ரூம்ல ஆறு கதவு ஸ்டீல் லாக்கர் 4 கிடக்கு. உயரம் ஆறரை அடி, அகலம் 3, ஆழம் ஒன்றரை. கடல் அரை கிலோமீட்டர்தான். போன வருஷம் சுரண்டிட்டு ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேல சிந்தெடிக் எனாமல் ரெண்டு கோட் அடிச்சாங்க. இப்ப கதவோட கீழ் விளிம்பு, கீல் ஓரமெல்லாம் கொப்புளம். நகத்தால தட்டினா அப்பளம் மாதிரி பெயருது, அடியில நசநசன்னு ஈரம். ரெண்டுல அடித்தகடு ஓட்டை. பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பணுமா, கையால முடியுமா? பெயிண்ட் எவ்வளவு ஆகும்?

தகடுவேலை:
அடியில ஈரம்னா அது உப்பு. துருக்குழிக்குள்ள உக்காந்து காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், மேல எந்த பெயிண்ட் போட்டாலும் தள்ளிவிடும். சுரண்டுறதுல உப்பு போகாது, கழுவினாத்தான் போகும். போன தடவை விட்டது அதுதான்.

கதவு, பூட்டு, நம்பர் தகடு எல்லாம் கழட்டுங்க. சோப்புத்தூள் தண்ணியில தேய்ச்சு நல்ல தண்ணியில அலசி காயவிடுங்க. எண்ணெய்ப் பிசுக்கை டர்பன்டைன் துணியால துடைச்சிட்டு அப்புறம் கிரைண்டர். கம்பி பிரஷ் மட்டும் போட்டா துரு பளபளன்னு மினுங்கும், போயிருக்காது. குழி உள்ள இடத்துல 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கை (எமரித் துண்டு அடுக்கின கிரைண்டர் தட்டு) லேசா ஓட்டுங்க. ஒரே இடத்துல வச்சு அழுத்தினா சூட்டுல தகடு நெளிஞ்சிடும். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்ல ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) வரம்பு அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதனால முடிஞ்ச இடமெல்லாம் தண்ணி தொட்டு எமரி போடுங்க, பசங்களை அந்தப் பக்கம் விடாதீங்க.

துரு எடுத்தபிறகு இன்னொரு தடவை கழுவணும். இதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. குழி திறந்ததும்தான் உள்ளே இருக்குற உப்பு வெளியே வரும். கழுவி, உடனே துடைச்சு, ஹாட் ஏர் கன்ல மடிப்பு எல்லாம் காயவச்சு அன்னைக்கே பிரைமர். ராத்திரி போட்டுவச்சா காலையில மஞ்சள் பூத்திருக்கும்.

குளச்சல்_கரை:
எங்க போர் தண்ணி உப்பு கரிக்குமே அண்ணே?

தகடுவேலை:
அப்ப கடைசி அலசலுக்கு அது ஆகாது. குடிதண்ணியோ பிடிச்சுவச்ச மழைத்தண்ணியோ வேணும்.

தக்கலை_பெயிண்ட்:
பவுடர் கோட்டிங் நட்டு-போல்ட்ல பிரியுற லாக்கருக்கு நல்லது. அடுப்புல 180-200 டிகிரி சூடு. வெல்டிங் பண்ணி ஒட்டினதுன்னா மடிப்புக்குள்ள பவுடர் போகாது, துரு அங்கிருந்தே கிளம்பும். அதுக்குக் கைவேலைதான். மணலை வேகமா பீய்ச்சி துரு எடுக்குற பிளாஸ்டிங்கும் வேண்டாம். நம்ம மணவாளக்குறிச்சி கார்னெட் மணல் அந்த வேலைக்குப் பேர்போனதுதான், ஆனா முக்கால் மில்லி தகடு தாங்காது, வளைஞ்சிடும்.

ரெட் ஆக்சைடு ஒரு கோட் கடற்கரைக்குக் காணாது. ஜிங்க் பாஸ்பேட் உள்ள, ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட் போடுங்க. ஓரமும் மடிப்பும் முதல்ல பிரஷ்ஷால ஒரு தடவை, அப்புறம் மொத்தமா. கூர் ஓரத்துல பெயிண்ட் எப்பவும் மெலிஞ்சுதான் நிக்கும். ஒரு லாக்கர் உள்ளும் புறமும் சுமார் 16 சதுர மீட்டர், நாலுக்கும் 64. ஸ்ப்ரேல பறக்குறதையும் சேர்த்து கோட்டுக்கு 9 லிட்டர், மொத்தம் 18. மேல எனாமல் வெளியே ரெண்டு கோட், உள்ளே ஒண்ணுன்னா 10 லிட்டர் போதும்.

பழைய எனாமலை எங்கேயாவது விட்டுவச்சா, தின்னர் நனைச்ச பஞ்சை ரெண்டு நிமிஷம் அதுல ஒட்டிவச்சுப் பாருங்க. சுருங்கினா எபாக்ஸியும் அதைச் சுருக்கும், முழுசா எடுத்துடணும். எனாமலுக்குப் பதிலா பியூ (பாலியூரிதேன், ஹார்ட்னர் கலக்குற பெயிண்ட்) அடிக்கிறதா இருந்தா துணி மாஸ்க் பிரயோஜனமில்ல. அதோட ஹார்ட்னர் புகை நெஞ்சைப் பிடிக்கும், வடிகட்டி டப்பா வச்ச கேட்ரிட்ஜ் மாஸ்க் போட்டே ஆகணும்.

கீல்_கொண்டி:
ஓட்டையை பட்டி (குழி நிரப்புற பசை) வச்சு மூடாதீங்க. பட்டி தண்ணி உறிஞ்சும், பின்பக்கத்துல இருந்து துரு வரும். அழுகின தகட்டை நல்ல இரும்பு தெரியுற வரை வெட்டி, சுத்தி ஒரு அங்குலம் கூடுதலா 22 கேஜ் (சுமார் முக்கால் மில்லி) தகடு வச்சு, நடுவுல பியூ சீலன்ட் தடவி, 3.2 மில்லி பாப் ரிவெட் ரெண்டு அங்குலத்துக்கு ஒண்ணு. ஆர்க் வெல்டிங் வச்சா தகடு பொத்துடும். பட்டி சின்னக் குழிக்கு மட்டும், அதுவும் எபாக்ஸி பிரைமர் காஞ்சு எமரி போட்டபிறகு.

காலம் பாருங்க. இங்க ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தை, மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு. அப்பவும் காலை பத்துக்கு மேல தொடங்கி மூணு மணிக்குள்ள நிறுத்திடுங்க. கடல்காத்து ஈரத்துல எனாமல் மினுமினுப்பு மங்கிடும்.

திரும்ப வைக்கும்போது காலுக்கு அடியில ரெண்டு அங்குல ரப்பர் கட்டை. தரை கழுவுற தண்ணி தேங்கித்தான் அடித்தகடு போயிருக்கும். சுவத்துல இருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்க, நனைஞ்ச பூட்ஸ் வைக்கிற அடி அறைக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒண்ணு. கீலுக்கு கிரீஸ், பெயிண்ட் நல்லா இறுகி ஒரு வாரம் கழிச்சு.