ஆறு மாதம் வெளியே இருந்து ரிமோட் வேலை: மலேசியா பாஸா, தாய்லாந்து வீசாவா?

அலஸ்தோட்டம்: திருகோணமலையில் இருந்தபடி அயர்லாந்துக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் சோதனை வேலை. மாதம் 2,400 டொலர், நிரந்தர ஒப்பந்தம். மனைவியோடு ஆறு மாதம் மலேசியாவிலோ தாய்லாந்திலோ தங்கி இதே வேலையைச் செய்ய யோசனை. சுற்றுலா வீசா போதுமா?

உப்புவெளிக் கரை: தாய்லாந்துக்குப் போதும் தம்பி. 2024 ஜூலை 15இல் 93 நாட்டவருக்கு வீசா இல்லாமல் 60 நாள் கொடுத்தார்கள், இலங்கையும் அதில் இருந்தது. சம்பளம் வெளியிலிருந்து வருகிறது, அங்கே யாருடைய வேலையும் பறிபோகவில்லை. நிலாவெளியில் லப்டொப்போடு இருக்கும் வெள்ளைக்காரரும் இதைத்தானே செய்கிறார்கள்?

கன்னியா: அவர்கள் செய்வதும் விதிமீறல்தான் அண்ணை. இலங்கைச் சுற்றுலா வீசாவிலும் வேலைக்கு அனுமதி இல்லை. அதோடு 60 நாள் ஆறு மாதம் ஆகாது. வெளியே போய்ப் போய்த் திரும்பி வந்தால் எல்லையில் மறிப்பார்கள். நம்முடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூடும். அந்தச் சலுகையும் எப்போது குறையும் என்று சொல்ல முடியாது. புறப்படுமுன் கொழும்புத் தூதரகத்தில் கேளுங்கள்.

இந்தச் சம்பளத்துக்கு, ரிமோட் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு மலேசியா தரும் டிஈ ரன்தாவ் பாஸ்தான் பொருத்தம். கணினித் துறைக்கு ஆண்டுக்கு 24,000 டொலர் வருமானம் கேட்கிறார்கள், தம்பிக்கு 28,800 வருகிறது. மற்றத் துறையென்றால் 60,000 கேட்பார்கள். கட்டணம் 1,000 ரிங்கிட், மனைவிக்கு 500. 3 முதல் 12 மாதம் வரை தருவார்கள்.

மூதூர் முனை: ரிமோட் வேலைக்காரரும் எடுக்கக்கூடிய தாய்லாந்தின் டிடிவி வீசா இருக்கும்போது ஏன் மலேசியா? 5 வருட வீசா, ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள், கட்டணம் 10,000 பாத் அளவில். வங்கியில் 5 இலட்சம் பாத் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கன்னியா: அந்த 5 இலட்சம்தான் இடிக்கும். கடன் வாங்கி ஒரு வாரத்துக்குப் போட்டுக் காட்டினால் ஸ்டேட்மென்ட்டிலேயே தெரிந்துவிடும். வீசா கிடைத்து உள்ளே போனாலும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் டிஎம்30, அதாவது வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்ற அறிவித்தலைப் பதிய வேண்டும். அவர் பதியாமல் விட்டால் பிறகு குடிவரவு அலுவலகத்தில் அலைவது நீங்கள்தான்.

உப்புவெளிக் கரை: சரி, பாஸ் எடுக்கட்டும். ஆனால் மலேசியாவில் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி இல்லை என்பதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

கன்னியா: இல்லை. எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். வேலை எந்த மண்ணில் செய்யப்படுகிறதோ அந்த நாட்டு வருமானமாகவே அதை மலேசியச் சட்டம் எடுக்கிறது. சம்பளம் டப்ளினிலிருந்து வந்தாலும் கோலாலம்பூரில் இருந்து உழைத்தால் அது மலேசிய வருமானம். 60 நாளுக்கு மேற்படாவிட்டால் விலக்கு உண்டு. ஒரு நாட்காட்டி ஆண்டில் 182 நாள் இருந்தால் அந்நாட்டு வதிவாளருக்கான வரி வீதம். இரண்டுக்கும் நடுவில் நின்றால் ஒரே வீதமாக 30%. ஆறு மாதம் என்று அக்டோபரில் புறப்படுகிறவர் இரண்டு ஆண்டுகளின் நாட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாய்லாந்திலும் அங்கே செய்த வேலை அங்கத்திய வருமானம்தான்.

மூதூர் முனை: பாதியைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இலங்கைக்கும் மலேசியாவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, தாய்லாந்தோடும் இருக்கிறது. இலங்கையின் வரி வதிவாளராக இருந்து, 183 நாளைத் தாண்டாமல், சம்பளம் தருபவர் பற்றிய ஒப்பந்த நிபந்தனைகளும் பொருந்தினால், ஊழியரின் சம்பளத்துக்கு அங்கே வரி கேட்க முடியாது. ஆறு மாதத்துக்கு அதுவே காப்பு.

கன்னியா: ஊழியருக்கு மட்டும். ஃப்ரீலான்ஸ் காரருக்கு வேறு பிரிவு. காப்பு தானாக வராது: உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வதிவிடச் சான்றிதழ் எடுக்க வேண்டும். வரிக் கோப்பே திறக்காதவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? முதலில் டின் எனும் வரி செலுத்துநர் இலக்கம், பிறகு ஒவ்வொரு நவம்பர் 30க்குள்ளும் வருமான வரி விபரத்திரட்டு.

இலங்கையில் 2025 ஏப்ரலிலிருந்து இப்படிப்பட்ட சேவை வருமானத்துக்கு உச்ச வீதம் 15%. ஆனால் பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். மலேசியக் கணக்கிலேயே வாங்கிச் செலவழித்தால் அந்த உச்ச வரம்பை இழப்பீர்கள்.

அலஸ்தோட்டம்: பாஸ் விண்ணப்பத்தில் எது பிழைக்கும்?

கன்னியா: பெயர். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் முழுதாக இருக்கும், சம்பளச் சீட்டில் ஓர் எழுத்துத்தான் இருக்கும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று கம்பனியின் கடிதம் வேண்டும். அடுத்தது, பணமனுப்பும் நிறுவனம் வழியாகச் சம்பளம் வந்தால் ஸ்டேட்மென்ட்டில் கம்பனியின் பெயரே இராது. 3 மாதச் சீட்டுகளையும் வரவுகளையும் திகதி வாரியாக ஒப்பிட்டு ஒரு தாள் இணையுங்கள்.

மூதூர் முனை: மனைவிக்குத் திருமணச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து, அத்தாட்சி வாங்குங்கள். கொழும்புக்குப் போகத் தேவையில்லை, திருகோணமலையிலேயே வெளிவிவகார அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. மூலச் சான்றிதழையும் கையோடு கொண்டு போங்கள்.