பிப் வெட்டுச் செய்தியும் எங்கள் வீட்டுக்கு வந்த கேமராவும்

2025 மார்ச் 18 அன்று பிரித்தானிய அரசு பிப் (PIP) உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகைகளில் கை வைக்கப்போவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம், எந்தச் செய்தியைத் திறந்தாலும் எங்களைப் பற்றித்தான் பேச்சு. அந்த நாட்களில் செய்தியாளர்களிடம் கதைத்தவர்கள் இந்தக் குழுவில் பலர் இருக்கிறீர்கள். நடந்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

யாழ்ப்பாணத்தில் மூன்று வயதில் எனக்குப் போலியோ வந்தது. இடது காலில் கலிப்பர் என்ற தாங்கு கம்பி, கையில் ஊன்றுகோல். லண்டனில் 19 வருடமாகக் கணக்காளர் வேலை பார்க்கிறேன், பிப்பும் எடுக்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் எங்கள் ஆட்களே முழிப்பார்கள். "வேலைக்குப் போறீங்கள்தானே, பிறகேன் காசு தாறாங்கள்?" பிப் வேலை இல்லாதவருக்கான பணம் இல்லை. 2013இல் டிஎல்ஏ என்ற பழைய மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குப் பதிலாக வந்தது. இப்படியான உடம்போடு வாழ ஆகும் கூடுதல் செலவுக்குத் தருவது. வேலைக்குப் போனாலும் கிடைக்கும், சம்பளத்தைப் பார்த்துக் குறைக்க மாட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண்ணும் கேமராக்காரத் தம்பியும் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள், தேத்தண்ணி குடித்தார்கள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். கழுத்தில் கிடந்த அலுவலக அட்டை வெளிச்சத்தில் மின்னுகிறது என்று கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். பிறகு மாடிப்படி ஏறச் சொன்னார்கள். ஏறினேன். இன்னொரு தரம். மூன்றாவது தரம், "கொஞ்சம் மெதுவாக ஏற முடியுமா?" குசினியிலிருந்து மனைவி வந்து, "காணும், ராத்திரிக்கு முழங்கால் வீங்கும்" என்றாள். அதோடு நிறுத்தினார்கள்.

படியை விட எனக்கு முக்கியமாக இருந்தது கையில் வைத்திருந்த பிப் படிவம். புள்ளிக் கணக்கை விளக்கினேன். சமைக்க உயர ஸ்டூல் வேண்டும், 2 புள்ளி. குளிக்க இருக்கை, 2. கழிப்பறையில் கைப்பிடி, 2. சப்பாத்து, காற்சட்டை போட நீளக் கொக்கி, 2. மொத்தம் 8. அன்றாட வாழ்க்கைக்கான தொகை கிடைக்க 8 போதும். அப்போது அறிவித்த திட்டப்படி 2026 நவம்பரிலிருந்து ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். அதாவது நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டப்படுகிறவனுக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் உன்னிப்பாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் "எப்படி உணர்கிறீர்கள்?" என்றார். "பயமாக இருக்கிறது" என்றேன்.

இரண்டு மணி நேரம் எடுத்ததில் 14 விநாடி வந்தது. மெதுவாகப் படி ஏறுகிறேன். பின்னால் குரல், வேலை செய்யாமல் உதவித்தொகையில் இருப்போர் தொகை கூடுகிறது என்கிறது. பிறகு என் முகம், "பயமாக இருக்கிறது." முடிந்தது. அடுத்த சனிக்கிழமை தமிழ்க் கடையில் ஒரு ஐயா தோளில் கை வைத்து, "தம்பி, வேலை போயிட்டுதோ?" என்று கேட்டார். அவ்வளவு பரிவோடு கேட்டார். அவரிடம் நான் எங்கே தொடங்குவது?

இது புதிதும் இல்லை. 2011இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து பத்திரிகைகளில் 2004-05, 2010-11 காலத்தில் மாற்றுத்திறனாளிகள் பற்றி வந்த செய்திகளை ஒப்பிட்டார்கள். ஏமாற்றிக் காசு எடுக்கிறார்கள் என்ற மாதிரிச் செய்தி கூடியிருந்தது. வாசகர்களிடம் கேட்டபோது, உதவித்தொகை எடுப்பவர்களில் 70 சதவீதம் வரை ஏமாற்றுகிறார்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். டிஎல்ஏயில் அப்போது அரசே சொன்ன மோசடிக் கணக்கு 0.5 சதவீதம். அந்த ஐயாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் காட்டியதைத்தான் அவர் பார்த்தார்.

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, உங்கள் 8 புள்ளிதான் எங்கள் வீட்டிலும். இவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம். வலது கை இயங்காது. நெஞ்சு, வயிறு எல்லாம் இடக் கையால் தானே கழுவுவார். இடுப்புக்குக் கீழே நான்தான். அந்தப் படிவத்தில் இடுப்புக்குக் கீழே கழுவ உதவி வேண்டுமென்றால் 2 புள்ளி, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் என்றால் 4. எந்த மனிதருக்கு எது வெட்கம் என்று யோசித்தா எழுதினார்கள்?

ஒரு பத்திரிகையிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். நான் இதைத்தான் சொன்னேன். "வாசகர்களுக்குச் சங்கடமாக இருக்கும், வேறு ஏதாவது சொல்லுங்கள்" என்றார் அந்தத் தம்பி. ஒவ்வொரு நாளும் செய்கிற எனக்கு இல்லாத சங்கடம். இவருடைய பிப் போனால் எனக்கு வரும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான தொகை, 2025இல் கிழமைக்கு 83.30 பவுண்ஸ்), அதுவும் சேர்ந்து போகும். அதையும் சொன்னேன். வந்த செய்தியில் "மனம் உடைந்த மனைவி" என்று மட்டும் இருந்தது. எனக்கு மனம் உடையவில்லை, கோபம் வந்தது.

லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து இன்னொரு பதில்:

எனக்கு நல்ல அனுபவமும் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். பார்வை இல்லாத எனக்கு உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் இரவு ஒன்பதரைக்குத் திரும்ப அழைத்து, நான் சொன்னதாக எழுதிய ஐந்து வரியையும் வாசித்துக் காட்டினார். "இதில் பிழை இருக்கிறதா?" ஒரு இடத்தில் இருந்தது. பிப்பை வேலையில்லாதோர் தொகை என்று எழுதியிருந்தார். சொன்னேன், உடனே மாற்றினார். ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஜூலை 1 அன்று நாடாளுமன்றத்தில் இந்த வெட்டு மசோதா மீது நடந்த விவாதத்தை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால், அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் விவாதத்தின் நடுவிலேயே எழுந்து அந்த 4 புள்ளி விதியை மசோதாவிலிருந்து எடுப்பதாகச் சொன்னார். அவர் எங்கள் தொகுதிக்காரர். அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "நாளைக்கு மாத்தினாங்கள் எண்டால்?" என்றுதான் கேட்டார்.

முதலில் எழுதியவர்:

அக்கா, நீங்கள் சொன்ன அந்த இடுப்புக் கணக்கை நான் இனி வருகிற ஒவ்வொரு செய்தியாளரிடமும் சொல்வேன், உங்கள் பேர் இல்லாமல். அப்புறம், யார் வந்தாலும் அலுவலக அட்டையை இனிக் கழற்றப் போவதில்லை. படி ஏறுவது ஒரு தரம்தான். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.

ஈஸ்ட்ஹாம் தம்பி, அம்மா கேட்டது சரியான கேள்வி. ஜூலை 2 காலை "அரசு பின்வாங்கியது" என்று தலைப்புப் போட்டார்கள். ஆனால் அதே மசோதாவில் யூனிவர்சல் கிரெடிட் என்ற, குறைந்த வருமானக்காரருக்கான உதவியின் உடல்நலத் தொகை வெட்டு பிறகு நிறைவேறிவிட்டது. 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் பெரும்பாலானோருக்குக் கிழமைக்கு ஏறக்குறைய 97 பவுண்ஸ் இருந்தது 50 ஆகிறது. மார்ச்சில் என்னைத் தேடி ஏழு அழைப்பு வந்தது. இதைக் கேட்க ஒருவரும் கூப்பிடவில்லை. உங்கள் வீட்டில் யாராவது புதிதாக விண்ணப்பித்திருந்தால் எழுதுங்கள், எவ்வளவு வருகிறது என்று.