மெடிகேரில் ஸ்கூட்டர்: "வீட்டுக்குள்" என்ற நிபந்தனை நியாயமா?

மாடித்தோட்டம்:
அமெரிக்காவில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 78 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. முக்கியமாக முதியோருக்கான இங்கத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் உதவியோடு, நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மின் ஸ்கூட்டர் வாங்கலாம் என்று மருத்துவரிடம் குறிப்பு வாங்கிப் போனால், விற்பனையாளர் படித்துவிட்டு "இது தேறாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார், அதுதான் காரணமாம். வீட்டுக்குள்ளேயே நடமாட முடியாதவருக்குத்தான் பணம் கிடைக்கும். வாசலுக்கு வெளியே எவ்வளவு கஷ்டப்பட்டாலும் கணக்கில் வராது. ஸ்கூட்டரை யாராவது சமையலறைக்குள் ஓட்டுவார்களா? என்ன விதி இது!

கணக்குப்பிள்ளை:
கோபம் புரிகிறது, ஆனால் விதி சரிதான். மெடிகேர் மருத்துவக் காப்பீடு, போக்குவரத்துப் படி இல்லை. மெடிகேரில் மருத்துவர் செலவையும் சாதனங்களையும் பார்க்கும் பகுதியான பார்ட் பி-யில் ஆக்சிஜன் கருவியும் நோயாளிக் கட்டிலும் வரும் அதே தலைப்பில்தான் ஸ்கூட்டரும் வருகிறது. குளிக்க, உடுத்த, கழிப்பறைக்குப் போக, கட்டிலிலிருந்து எழ, இதெல்லாம் கைத்தடியோ வாக்கரோ இருந்தும் முடியவில்லை, கையால் தள்ளும் சக்கர நாற்காலியும் ஒத்துவரவில்லை என்றால்தான் ஸ்கூட்டர்.

கட்டுப்பாடு சும்மா வரவில்லை. ஸ்கூட்டரையும் மின் சக்கர நாற்காலியையும் "உங்கள் கைக்காசு போகாது" என்று டிவியில் கூவிக் கூவி விற்ற காலம் ஒன்று இருந்தது. 2007 முதல் பாதியில் மெடிகேர் கொடுத்த மின் சக்கர நாற்காலிகளை அரசின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் சோதித்து 2011இல் அறிக்கை தந்தது. 61 சதவீதம் தேவையற்றவை, அல்லது தேவையைக் காட்டப் போதிய ஆவணம் இல்லாதவை. டெக்சாஸில் இந்த வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த நிறுவனத்தில் 2013இல் எஃப்பிஐ சோதனை நடந்தது, அதே வருடம் கடையையே மூடினார்கள். அந்தப் பணமெல்லாம் நாம் கட்டுவதுதானே?

மாடித்தோட்டம்:
அந்த 61ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் சார். தேவையே இல்லை என்று தெரிந்தது 9 சதவீதம். மீதி 52, கோப்பில் காகிதம் போதவில்லை என்பது. மருத்துவர் சரியாக எழுதாததற்கு நோயாளியைத் திருடனாக்குவீர்களா?

இன்னொன்று. நோயாளியின் வீட்டில் பயன்படும் சாதனம் என்று சட்டம் சொல்வது, மருத்துவமனையிலும், நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நர்சிங் ஹோமிலும் பயன்படுவதை விலக்கத்தான் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் நெடுங்காலமாக வாதாடுகின்றன. அதை வீட்டுக்குள் தேவைப்பட்டால் மட்டும் என்று சுருக்கியது நிர்வாகம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் சட்டம் இயற்றும் அமெரிக்க காங்கிரஸில் போய் மாற்றுங்கள். ஏற்கெனவே தளர்த்தித்தான் இருக்கிறார்கள். 2005க்கு முன் படுக்கையிலோ நாற்காலியிலோ முடங்கியவருக்கு மட்டும் என்று இருந்தது.

தெற்குக்காற்று:
நான் பிசியோதெரபிஸ்ட், இந்தக் கோப்புகளோடுதான் என் பிழைப்பு. இரண்டு பேரும் விதியைப் பற்றியே பேசுகிறீர்கள். மாடித்தோட்டம் அக்கா, அந்தக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது?

மாடித்தோட்டம்:
"மூட்டுத் தேய்மானம். நீண்ட தூரம் நடக்க இயலாது. கடைக்கும் பூங்காவுக்கும் செல்ல ஸ்கூட்டர் பரிந்துரைக்கப்படுகிறது." அவ்வளவுதான்.

தெற்குக்காற்று:
அந்தக் கடையும் பூங்காவும்தான் குழி பறித்தன. அம்மா ராத்திரி கழிப்பறைக்கு எப்படிப் போகிறார்? நடுவில் நிற்கிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா? இந்த வருடம் விழுந்தாரா? தோளிலும் மணிக்கட்டிலும் வலு எவ்வளவு? சக்கர நாற்காலியைத் தானே தள்ள ஏன் முடியாது? கோப்பில் இருக்க வேண்டியது இதெல்லாம். ஸ்கூட்டர் ஆர்டர் எழுதுவதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் மருத்துவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் இதையெல்லாம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, என்ன சொன்னால் பணம் வரும் என்று பாடம் எடுக்கிறார். மோசடி இப்படித்தான் ஆரம்பிக்கும்.

தெற்குக்காற்று:
இல்லாததைச் சொல்லச் சொல்லவில்லையே. பொய் சொன்னால் என் உரிமம் போகும். நம்ம பெரியவர்கள் மருத்துவர் முன்னால் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மகளே கழிப்பறைக் கதையை எடுத்தால் முறைப்பார்கள். நடந்ததைச் சொல்ல வைப்பதே பெரும்பாடு.

கடைசி பெஞ்ச்:
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒப்புதல் கிடைத்தாலும் இலவசம் இல்லை. வருடாந்தர டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை (2025இல் 257 டாலர்), கழிந்த பிறகு, மெடிகேர் ஏற்ற விலையில் 20 சதவீதம் நம் தலையில். மெடிகேர் நம் தலையில் விடுவதைக் கட்டத் தனியாரிடம் வாங்கும் மெடிகேப் காப்பீடு இருந்தால் பெரும்பாலும் அது பார்த்துக்கொள்ளும். மெடிகேர் விலையையே முழு விலையாக ஏற்கும் விற்பனையாளரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அவர் வைத்ததுதான் விலை. மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் அட்வான்டேஜ் திட்டக்காரர்கள், விற்பனையாளர் தங்கள் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்புறம், சில வகை ஸ்கூட்டர்களுக்கு முன் அனுமதி கட்டாயம். அதில் மறுத்தால் குறையைச் சரிசெய்து திரும்ப அனுப்பலாம்.

மாடித்தோட்டம்:
நேற்று டேப்பை எடுத்து அளந்தேன். கழிப்பறைக் கதவு 23 அங்குலம். அதற்கு முன்னால் நடை சட்டென்று திரும்புகிறது. விற்பனையாளர் காட்டிய ஸ்கூட்டர் அங்கே வளையவே வளையாது. அம்மா ராத்திரி இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் போகிறார், அதுவும் இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தெற்குக்காற்று:
அப்படியானால் ஸ்கூட்டர் கேட்டாலும் மறுப்பார்கள். வீட்டில் புழங்க இடம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைதான். மின் சக்கர நாற்காலி நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் அந்தக் கதவில் அதையும் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து மதிப்பிடச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆக, வீட்டில் ஓட்ட முடியாத வண்டிக்குப் பணம் கொடுக்காமல் விதி தடுத்திருக்கிறது. நான் சொன்னதும் அதுதான்.

மாடித்தோட்டம்:
அம்மா கேட்டது பூங்காவுக்குப் போக சார், கழிப்பறைக்கு இல்லை. அந்த ஸ்கூட்டரை நான் கைக்காசு போட்டு வாங்கிவிடுவேன். வாங்க வழியில்லாத கிழவி நாலு சுவருக்குள் உட்கார்ந்திருந்தால் மெடிகேருக்கு மிச்சம் என்கிறீர்கள், அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தெற்குக்காற்று:
கைக்காசில் வாங்குவதென்றால் பிரித்துக் காரில் ஏற்றுகிற மாதிரி பாருங்கள் அக்கா. பேட்டரியைத் தனியாகத் தூக்கிப் பாருங்கள், அதுதான் கனம். கடையில் அம்மாவையே ஏறி இறங்கச் சொல்லுங்கள்.