ஃப்ரீமேசன் லாட்ஜில் சேரலாமா? கோவை, ஈரோடு பக்கத்து நண்பர்கள் சொல்லுங்க

ஈரோட்டுத்தறி:
வணக்கமுங்க. ஃப்ரீமேசன் லாட்ஜ்ல சேர விண்ணப்பம் கொடுக்கலாமான்னு யோசனை. தங்கற லாட்ஜ் இல்லீங்க, ஃப்ரீமேசன்ங்கற பழைய சகோதரச் சங்கத்தோட உள்ளூர்ச் சபை. அதுல இருக்கறவங்களைத்தான் மேசன்கள்னு சொல்றாங்க. எப்படிச் சேர்றது, செலவு எப்படி, அவங்க சொல்ற சகோதரத்துவமும் சமத்துவமும் உள்ளுக்குள்ள நெசமாவே இருக்குதா? ஆதரவோ எதிர்ப்போ, விவரத்தோட சொல்லுங்க.

மூலைமட்டம்:
தம்பி, உங்களை யாரும் வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. நீங்கதான் போய்க் கேக்கோணும். 21 வயசு முடிஞ்ச ஆம்பளையா இருக்கோணும், கடவுள்னு ஒண்ணை நம்போணும். எந்தக் கடவுள்னு கேக்கறதில்லை. உங்களைத் தெரிஞ்ச உறுப்பினர் ஒருத்தர் முன்மொழியோணும், இன்னொருத்தர் வழிமொழியோணும். யாரையும் தெரியாட்டி சென்னை எழும்பூர்ல இருக்கற தென்னிந்திய மண்டலத் தலைமைக்கு எழுதிக் கேளுங்க.

விண்ணப்பம் போனதும் ரெண்டு மூணு பேர் உங்களைப் பார்த்துப் பேசுவாங்க. தொழில், கடன், வழக்கு, வீட்ல சம்மதமா, எல்லாம் வரும். வீட்டுக்காரம்மாகிட்ட மறைச்சுட்டுப் போறவங்க பெரும்பாலும் இங்கதான் மாட்டறாங்க. அப்புறம் லாட்ஜ் கூட்டத்துல வாக்கெடுப்பு. மூடுன பெட்டிக்குள்ள கை விட்டு உருண்டை போடுவாங்க. வெள்ளைன்னா சரி, கருப்புன்னா வேண்டாம். தேறினா உறுப்பினரா மூணு படி (டிகிரி) ஏறோணும், ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு வாரம். யாரு எந்தப் படின்னு இடுப்புல கட்டற ஏப்ரனைப் பார்த்தாலே தெரியும்: முதல் படிக்கு வெறும் வெள்ளைத் தோல், ரெண்டாவதுக்கு ரெண்டு நீலப்பூ, மூணாவதுக்கு மூணு பூவும் இளநீலக் கரையும்.

வாட்ஸ்அப்ல 'மேசன் ஆகுங்க, கோடீஸ்வரன் ஆகுங்க'ன்னு வர்றதெல்லாம் மோசடி. ஆளை நேர்ல பார்க்காம ஜிபேல பணம் கேட்டா அங்கயே நிறுத்திக்குங்க.

நொய்யல்கரை:
மூலைமட்டம் ஐயா சொன்ன வழிமுறை சரி. அந்த உருண்டைப் பெட்டியை மட்டும் அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக முடியாது.

மேசன்கள் கொத்தனார் கருவிகளைத்தான் பாடமாக வைத்திருக்கிறார்கள். மூலைமட்டம் என்றால் நேர்மை, தூக்குக்குண்டு என்றால் நிமிர்ந்த நடத்தை, மட்டம் என்றால் சமத்துவம். அழகான பாடம். ஆனால் ஆங்கிலேயத் தலைமை லாட்ஜின் விதிப்படி மூன்று கருப்பு உருண்டை விழுந்தால் அந்த ஆள் வெளியே. லாட்ஜ் தன் துணைவிதியில் அதை இரண்டாகவோ ஒன்றாகவோ குறைத்துக்கொள்ளலாம். போட்டவர் யார், ஏன் போட்டார் என்று யாரும் கேட்க முடியாது.

இதைக் கொங்கு நாட்டில் வைத்துப் பாருங்கள். புது ஆளைப் பார்த்தால் 'எந்த ஊருங்க, யாரு வீட்டுப் பையன்' என்று கேட்கிறோம். இரண்டாவது பதிலிலேயே சாதி தெரிந்துவிடும். காரணம் சொல்லத் தேவையில்லாத ஒரு 'வேண்டாம்' இந்த மண்ணில் எதற்குப் பயன்படும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெண்களும் கிடையாது. ரோட்டரி 1989-லேயே பெண்களுக்கு உலக அளவில் கதவைத் திறந்துவிட்டது.

மூலைமட்டம்:
பயம் நியாயமானதுதான், வரலாறும் இருக்குது. கல்கத்தாவுல பிரசன்ன குமார் தத் சேரக் கேட்டப்போ, பல தெய்வம் கும்பிடற இந்து எப்படி மேசன் ஆக முடியும்னு மறுத்தாங்க. ஒன்பது வருசம் விடாம நின்னு 1872-ல சேர்ந்தாரு. அதே 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜ்லதான் 1884-ல நரேந்திரநாத் தத், பின்னாளைய விவேகானந்தர், சேர்ந்தாரு. இந்தியத் தலைமை லாட்ஜ் 1961 நவம்பர் 24-ல தனியா அமைஞ்சப்போ கீதை, குர்ஆன், பைபிள், கிரந்த சாகிப், பார்சிகளோட ஜெண்ட் அவெஸ்தான்னு எல்லாத்துக்கும் இடம் கொடுத்துச்சு. அவரவர் நூல் மேல கை வெச்சுத்தான் உறுதிமொழி.

உருண்டை எதுக்குன்னா, உள்ள வர்றவன்கூட வருசக்கணக்கா ஒரே மேசையில உக்காரோணும், அதுக்குத்தான். நடைமுறையில கருப்பு விழறது அபூர்வம். சிக்கல் இருந்தா விசாரணைக் கட்டத்துலயே முன்மொழிஞ்சவர்கிட்ட மெல்லச் சொல்லி, விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கச் சொல்லிருவாங்க.

நொய்யல்கரை:
அது இன்னும் மோசம், ஐயா! கருப்பு உருண்டையாவது பதிவாகும். 'மெல்லச் சொல்லித் திருப்பி வாங்குவது' எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது. விலக்கப்பட்டவருக்கே தெரியாது.

மூலைமட்டம்:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. திருப்பி வாங்கின விண்ணப்பத்துக்கும் காரணம் எழுதி வெக்கோணும்.

ஆனா தம்பி கேட்டது உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னு. அதுல ஒரு கட்டம் சொல்றேன். முதல் படிச் சடங்குக்கு முன்னால சேர வந்தவன்கிட்ட இருக்கற காசு, மோதிரம், சாவி, உலோகம் எல்லாத்தையும் கழட்டி வெச்சுருவாங்க. சடங்கு பாதியில அவனை லாட்ஜோட வடகிழக்கு மூலையில நிறுத்துவாங்க. நம்ம பக்கம் மனை முகூர்த்தம் ஈசானி மூலையில செய்யறோமில்ல, அவங்களுக்கும் முதல் கல் அந்த மூலைதான். அங்க நிக்கறவன்கிட்ட, ஏழைச் சகோதரனுக்கு ஏதாவது கொடுன்னு கேப்பாங்க. பாக்கெட்டைத் தடவுவான், ஒண்ணும் இருக்காது. கொடுக்க மனசிருந்தும் கையில ஒண்ணுமில்லாம நிக்கற அந்த நிமிசத்தை மறக்காதே, நாளைக்கு எவனாவது உன் முன்னால இதே நிலைமையில நின்னா நினைச்சுக்கோம்பாங்க. மில் முதலாளியா இருந்தாலும் பிட்டரா இருந்தாலும் அந்த மூலையில ஒரே நிலைமைதான். இதைச் சொற்பொழிவா கேட்டா ஏறாது. நின்னு பார்க்கோணும்.

நொய்யல்கரை:
அந்த மூலை எனக்கும் பிடித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிட்டர் அந்த மூலைவரை வந்து சேர்வாரா? சடங்கு பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில். இரண்டாம் படிக்குப் போகுமுன் கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டும். கருப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை வேறு. உருண்டை தடுக்காத ஆளை மொழியும் உடுப்பும் தடுக்கும்.

மூலைமட்டம்:
மனப்பாடத்தை நான் விட்டுத்தர மாட்டேன். தாளைப் பார்த்துப் படிச்சா சடங்கு செத்துரும். நம்ம ஊர்ல ஒயிலாட்டப் பாட்டை யாரும் நோட்டுப் பார்த்தா பாடறாங்க? மொழி விசயத்துல நீங்க சொல்றது சரி. தமிழ்ல இருந்தா இன்னும் பத்து மடங்கு போய்ச் சேரும்.

ஆழியாறு:
இரண்டு செய்திகள் விட்டுப்போயின. ஈரோட்டுத்தறி கத்தோலிக்கராக இருந்தால் முதலில் பங்குத் தந்தையிடம் பேசுங்கள். 1738-லிருந்து திருச்சபை தடை செய்கிறது. 1983-ல் வாடிகன் அதை மறுபடி உறுதி செய்து, சேர்ந்தவர்கள் நற்கருணை பெற முடியாது என்றது. 2023-லும் அதையே சொன்னது.

இரண்டாவது, தொழில் ஆர்டர் பிடிக்க என்றால் போகவே போகாதீர்கள். ஆதாய நோக்கம் இல்லாமல் வருகிறேன் என்று உறுதி சொல்லித்தான் உள்ளே நுழைய வேண்டும். திருப்பூர், ஈரோட்டில் மூன்று மாதக் கடனில் சரக்கு ஓடுகிறது. சகோதரன் என்று கடன் கொடுத்து, பணம் வராமல் போனால் லாட்ஜும் போய்விடும், நட்பும் போய்விடும். அரசியலும் மதச் சர்ச்சையும் லாட்ஜுக்குள் பேசக்கூடாது என்ற விதி நல்ல விதி. பில் பாக்கியையும் அதில் சேர்த்திருக்கலாம்.

ஈரோட்டுத்தறி:
நன்றிங்க எல்லாருக்கும். ஆர்டருக்காக இல்லீங்க. செலவு பத்தி யாரும் சொல்லலையே?

மூலைமட்டம்:
லாட்ஜுக்கு லாட்ஜ் மாறும், அதனால தனித்தனியா கேளுங்க: சேர்க்கைக் கட்டணம், வருசச் சந்தா, ஏப்ரனும் கையுறையும், கூட்டம் முடிஞ்ச சாப்பாடு, தர்மத்துக்கான வசூல். சாப்பாட்டுக் கணக்கைத்தான் நிறையப் பேர் விட்டுட்டு அப்புறம் சிரமப்படறாங்க. ஈரோட்டுல இருந்து கோவை நூறு கிலோமீட்டர். கூட்டமும் சாப்பாடும் முடிய ராத்திரி ஆயிரும், திரும்பி வர்ற வண்டியையும் பார்த்துக்குங்க. தர்மம் எங்க போகுதுன்னு பார்க்கோணும்னா ரேஸ்கோர்ஸ்ல மேசானிக் குழந்தைகள் மருத்துவமனை இருக்குது, போய்ப் பாருங்க.

நொய்யல்கரை:
கையெழுத்துப் போடுமுன் செயலாளரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: உங்கள் துணைவிதியில் எத்தனை கருப்பு உருண்டை? ஒன்று என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மூலைமட்டம்:
ஒண்ணுன்னா நானும் வேற லாட்ஜைத்தான் காட்டுவேன். கேளுங்க தம்பி, கேக்கறதுல தப்பே இல்லை.